எந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள்

எம்.எட். சேர்ந்த முதல் பருவத்தில் எனக்குப் பிடிபடாமல் போக்குக் காட்டிய பாடம் கல்வி ஆராய்ச்சியின் அடிப்படைகள். தத்துவத்தையும் உளவியலையும் உருப்போட்டாவது எழுதிவிடலாம். இதில் உருப்போட ஒன்றுமில்லை. மாறி, மாதிரி, கருதுகோள், இன்மைக் கருதுகோள் என்று மேடம் கரும்பலகையில் வரிசையாக எழுதுவார். இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடர்பைத் தேடப் போகவேண்டும் என்பார். நானும் புரிந்தமாதிரி தலையாட்டுவேன். ஒருநாள் என்னை எழுப்பி, "இன்மைக் கருதுகோள்னா என்ன, நீங்க சொல்லுங்க" என்றார். "கருதுகோளே இல்லாம ஆராய்ச்சி பண்றது மேடம்" என்றேன். வகுப்பு சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. மேடம் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

வீட்டில் நிலைமை நேர்மாறு. புன்னைக்காயலில் எங்கள் தெருவில் எம்.எட். வரைக்கும் போன முதல் ஆள் நான். அப்பா கடல்தொழில் செய்கிறவர். பைபர் படகில் போய்வருவார். என் படிப்பைப் பற்றிக் கரையில் அவர் சொல்லாத ஆளில்லை. எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சி என்றால் தூத்துக்குடியிலிருந்து வந்து மீனை அளந்துவிட்டுப் போகிறவர்கள்தான். அதனால், "உம் மவ மீன் ஆராய்ச்சியா பண்ணுதா?" என்று கேட்பார்கள். "மீன் இல்லலே, பிள்ளைகள ஆராய்ச்சி பண்ணுதா. பிள்ளைக ஏன் படிக்கு, ஏன் படிக்கலன்னு கண்டுபிடிப்பா" என்று அப்பா சத்தமாகச் சொல்வார். நான் விடுதியிலிருந்து ஊருக்கு வரும் சனிக்கிழமைகளில் பேருந்தை விட்டு இறங்கியதும் யாராவது ஒருவர், "என்னளா, கண்டுபிடிச்சிட்டியா?" என்பார்கள்.

இரண்டாம் பருவத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு முன்னோட்ட ஆய்வு செய்யவேண்டும் என்று மேடம் சொன்னார். தலைப்பு, இல்லச் சூழலும் மாணவர் படிப்பும். கடற்கரை ஊர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் அவர்களுடைய அப்பா அம்மாவிடமும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு, இரண்டு பக்கத்துப் பதில்களையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். "உள்ள போறதுக்கு யாருக்கு வழி இருக்கு?" என்று கேட்டார். அந்த வகுப்பில் நான் தானாகக் கையைத் தூக்கியது அன்றைக்குத்தான்.

கேள்விகளை முதலில் ஆங்கிலத்தில் தயாரித்தோம். தமிழில் மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பெற்றோர் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் குறிக்க ஆங்கிலத்தில் 'வார்டு' என்று இருந்ததற்கு என்ன போடுவது என்று வகுப்பில் ஒரு பேச்சு. ஒருவர் 'பாதுகாப்பிலுள்ள மாணவர்' என்றார். நான் 'உங்கள் பிள்ளை' என்று போட்டேன். "இதுதான் தமிழ். படிக்காதவங்களுக்கும் விளங்கும்" என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார். முதல் பருவத்துச் சிரிப்பெல்லாம் அன்றைக்குத் துடைபட்டுப் போனதுபோல் இருந்தது எனக்கு.

என் தங்கை அந்தப் பள்ளியில்தான், அந்த ஒன்பதாம் வகுப்பில்தான் படித்தாள். இது எனக்குத் தெரியாததல்ல. மேடத்திடம் சொல்லவேண்டிய விஷயம் என்றுதான் தோன்றவில்லை. ஊரில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தம். இதில் தங்கையை மட்டும் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் அந்த நாளையே வைத்துக்கொண்டோம். எங்கள் குழு காலைப் பேருந்தில் வந்து இறங்கியபோது மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் பிள்ளைகள், எதிர் வகுப்பறையில் பெற்றோர். ஒரு பிள்ளைக்கும் அதன் வீட்டாருக்கும் ஒரே எண் போட்ட தாள். பெயர் எங்கும் கிடையாது.

பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. தாளின் தலையில் அச்சிட்டிருந்ததை வாசித்தேன். "நீங்கள் எழுதுவதை உங்கள் அப்பா அம்மா பார்க்கமாட்டார்கள், ஆசிரியர் பார்க்கமாட்டார். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. மனதில் உள்ளதை அப்படியே எழுதலாம்." தங்கை ஜன்னல் பக்கத்து பெஞ்சில் இருந்தாள். நான் வாசித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். கடைசியாகத் தாளைக் கொடுத்த இரண்டு மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

எதிர் அறையில் பெற்றோரிடம் நாங்களே கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று பதில்கள். அப்பா தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த விளாத்திகுளத்துக்காரரிடம் போய் உட்கார்ந்தார். அவர் எங்கள் வகுப்பில் வயதில் மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நான் வேறொரு அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தாலும் அப்பாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"உங்கள் பிள்ளை பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது காதுகொடுத்துக் கேட்பீர்களா?"

"எப்பவும். கரைக்கு வந்ததும் அதான் சார் மொத கேள்வி."

"உங்கள் பிள்ளை நன்றாகப் படித்தால் பாராட்டுவீர்களா?"

"பாராட்டவா? ஊருக்கே சொல்லிருவேன். இவுககிட்ட கேளுங்க."

பின்னால் காத்திருந்தவர்கள், "ஆமா, காது புளிச்சுப் போச்சு" என்று சிரித்தார்கள்.

"உங்கள் பிள்ளை படிப்பதற்கு வீட்டில் தனி இடம் உண்டா?"

"உண்டு சார். ஜன்னலோரம் மேச போட்டுருக்கு. லைட்டு தனியா இருக்கு. அதுல யாரும் ஒண்ணும் வைக்கக் கூடாது, நம்ம வீட்டுச் சட்டம்."

எல்லாவற்றுக்கும் எப்போதும். முடிந்ததும் எழுந்திருக்காமல் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டார். "மார்க்கு எவ்வளவு சார் வந்திருக்கு?"

"இதுல மார்க்கெல்லாம் கெடையாது அண்ணாச்சி."

"பரவால்ல, சும்மா சொல்லுங்க. பாஸ்தான? எம் மவளுக்கு ஒண்ணும் கொறஞ்சிராதுல்லா?"

அறையே சிரித்தது. எங்கள் குழுவினரும் சிரித்தார்கள். நான் முன்னாலிருந்த அக்காவின் தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஏற்கெனவே போட்ட குறியின் மேலேயே மறுபடியும் குறி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா போகிறபோது என் மேசைப் பக்கம் நின்றார். நான் நிமிரவில்லை. என் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார், போய்விட்டார். மதியம் வீட்டில் எல்லாருக்கும் ஊளிமீன் குழம்பும் சோறும் போட்டபோது, அவர் பரிமாறிக்கொண்டே இருந்ததும், நான் அவருக்கு முகம் கொடுக்காமல் இருந்ததும் விளாத்திகுளத்து அண்ணன் கண்ணில் பட்டிருக்கவேண்டும். "நல்ல மனுசன்மா உங்க அப்பா" என்றார் பேருந்தில். நான் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் தாள்களை எண் பார்த்து ஜோடி சேர்த்தோம். எந்த ஜோடியில் பெற்றோர் சொன்னதற்கும் பிள்ளை சொன்னதற்கும் பெரிய இடைவெளி இருக்கிறது என்று மேடம் கேட்டார். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். விளாத்திகுளத்து அண்ணன் முறை வந்தபோது அவர் தன் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். மேடம் தானே கையை நீட்டிக் கட்டை வாங்கி, ஒரு ஜோடியை உருவினார்.

"இத பாருங்க. இதைவிட நல்ல உதாரணம் கெடைக்காது" என்று கரும்பலகையில் நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் பெற்றோர். எப்போதும், எப்போதும், எப்போதும் என்று மேலிருந்து கீழே ஒரே சொல். வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. "நூத்துக்கு நூறு அப்பா மேடம்" என்றான் ஒருவன். ஊரில் அந்தப் பெற்றோர் அறையில் அன்றைக்கு இருந்த யாருக்கும் அது யார் என்று மறந்திருக்காது. மார்க்கு கேட்டவரை எப்படி மறப்பார்கள்? சிலர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார்கள். மேடத்துக்கு மட்டும்தான் தெரியாது. அவர் அன்று ஊருக்கு வரவில்லை.

வலப்பக்கம் பிள்ளையின் பதில்களை எழுதிக்கொண்டு வந்தார். பள்ளியில் நடந்ததைச் சொன்னால் கேட்பார், ஒருபோதும் இல்லை. நான் நன்றாகச் செய்தால் பாராட்டுவார், ஒருபோதும் இல்லை. எனக்கென்று படிக்க இடம், இல்லை. என்னைப் பற்றி மற்றவர்களிடம் பெருமையாகப் பேசுவார், ஒருபோதும் இல்லை.

"கேக்குறவங்க முன்னால நல்ல பேர் வாங்கணும்னு ஜனங்க சொல்ற பதில் இது. பொய்னு நாம சொல்லமாட்டோம். ஆனா இத அப்படியே எடுத்துக்கிட்டா ஆராய்ச்சி கெட்டுப்போகும்" என்றார் மேடம்.

அப்பாவை எல்லார் முன்னாலும் பொய்யர் ஆக்கிவிட்டார்களே என்றுதான் முதலில் உடம்பு காந்தியது. வலப்பக்க வரிசையை இன்னொரு தடவை படித்தபோதுதான் அது வேறு மாதிரி ஆயிற்று. ஜன்னலோரத்து மேசை என்னுடையது. நான் விடுதிக்குப் போன பிறகும் என் புத்தகங்கள்தான் அதன்மேல் அடுக்கி இருக்கின்றன. அதில் யாரும் எதையும் வைக்கக்கூடாது என்ற சட்டம் எனக்காகப் போட்டது. தங்கை தரையில் உட்கார்ந்து படிப்பாள். கரைக்கு வந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, நான் பள்ளியில் படித்த காலத்தில் என்னிடம் கேட்டது. இப்போது வந்ததும், "அக்கா போன் பண்ணாளா?" என்று கேட்கிறார். அதைத் தங்கையிடம்தான் கேட்கிறார்.

நான் எழுந்து நின்றேன். "மேடம், அவங்க பொய் சொல்லல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அப்பா மேடம். அவரு என்னைப் பத்திச் சொல்லியிருக்காரு. கேள்வி எந்தப் பிள்ளையப் பத்தின்னு அவருக்குத் தெரியாது."

மேடம் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். துடைப்பானை எடுத்து இரண்டு பக்கத்தையும் தானே அழித்தார். "தப்பு அவர் பதில்ல இல்ல, நம்ம கேள்வியில இருக்கு. ரெண்டு பிள்ளை இருக்கிறவர்கிட்ட 'உங்கள் பிள்ளை'ன்னு கேட்டா அவர் என்ன பண்ணுவார்? இதைத்தான் ஏற்புடைமைங்கறது. எதை அளக்கணும்னு நெனச்சமோ அதைத்தான் அளந்தமான்னு பாக்கறது" என்றார். 'உங்கள் பிள்ளை' என்ற சொல்லைத் தேர்ந்தது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தப் பாடம் எனக்கு முதன்முதலாக முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான். புரிந்த சந்தோஷம் துளிகூட வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உங்க வீட்டுத் தாள் இதுல இருந்திருக்கவே கூடாது. நீங்க சொல்லியிருக்கணும். நானும் கேட்டிருக்கணும், கேக்கல. ரெண்டையும் எடுத்துருவோம்" என்றார். நான் சரி என்றேன். கிளம்பப் போனேன்.

"இன்னொண்ணு. நீங்க அப்பாவுக்காகப் பேசினது எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பக்கம் எழுதின பிள்ளை யாருன்னு இப்ப இந்த வகுப்புக்கே தெரியும். அவளுக்கு நாம ஒரு வாக்கு குடுத்திருந்தோம்."

அந்த வாக்கை வாசித்தது நான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வெளியே மரத்தடியில் விளாத்திகுளத்து அண்ணன் எனக்காக நின்றுகொண்டிருந்தார். "நான் அந்தத் தாள மேடம் கையில குடுத்திருக்கக் கூடாதும்மா" என்றார். "என்கிட்ட யாராவது உங்க பிள்ளைன்னு கேட்டாலும் எனக்கு மூத்தவன் மொகந்தான் மொதல்ல வரும். ரெண்டாவதுக்கு நாலு வயசாகுது." டீ வாங்கித் தந்தார்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். தங்கை வழக்கம்போலத் தரையில் புத்தகத்தை விரித்து, சுவரில் சாய்ந்திருந்தாள். நான் பையை வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த என் புத்தகங்களை எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன்.

"என்னக்கா, திடீர்னு?"

"சும்மாதான். நீ இதுல படி. நான் எங்க இங்க இருக்கேன்?"

அவள் பெட்டியையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ பாத்துட்ட" என்றாள்.

"எத?"

"நான் எழுதுனத."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு புத்தகத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

"யாரும் பாக்க மாட்டாவன்னு நீதான வாசிச்ச?" என்றாள். கத்தவில்லை. "வேற யாராச்சும் வாசிச்சிருந்தா நான் எல்லாத்துக்கும் எப்பவும்னு போட்டுருப்பேன். நீ வாசிச்சியேன்னுதான் உள்ளத எழுதுனேன்."

எழுந்து வந்தாள். அட்டைப்பெட்டியிலிருந்து என் புத்தகங்களை எடுத்து, முன்பிருந்த அதே வரிசையில் மேசைமேல் அடுக்கினாள். பிறகு தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். நான் காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பரீட்சையில் தவறியிருக்கிறேன், வகுப்பில் சிரிப்புக்கு ஆளாகியிருக்கிறேன். அன்றைக்குப் போல வெட்கிப் போனதில்லை.

அப்பா சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து படகு இஞ்சின் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்னளா, நம்ம தாள் என்னாச்சு? கரையில எல்லாவனும் கேக்கான்" என்றார்.

"நம்ம தாள எடுத்துட்டாங்கப்பா."

"எடுத்துட்டாவளா? ஏன், நான் எதுவும் மாத்திச் சொல்லிட்டனா?"

"இல்லப்பா. நான் உங்க மவளாச்சே. ஆராய்ச்சி பண்றவங்க வீட்டு ஆள சேத்துக்கக் கூடாது. அதான் சட்டம்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஊரில் எல்லார் வீடும் அந்த ஆராய்ச்சியில் இருக்கும், அவர் வீடு மட்டும் இருக்காது. "சரி, சட்டம்னா சட்டம்" என்று பிளக்கைத் தேய்த்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்பா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க யார நெனச்சுப் பதில் சொன்னீங்க?"

"யார நெனைக்க? உன்னத்தான். நீதான கேட்டு வந்தவ."

சொல்லிவிட்டு அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை நின்றது.

"சின்னவளப் பத்தியாளா கேட்டாவ?"

நான் தலையாட்டினேன்.

"அவ என்ன எழுதிருக்கா?"

"அதச் சொல்லக்கூடாதுப்பா."

சொல்லக்கூடாது என்றதிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. நல்லதாக எழுதியிருந்தால் நான் சிரித்துக்கொண்டல்லவா அதைச் சொல்லியிருப்பேன். அப்பாவுக்கு அது புரிந்தது. பிளக்கைத் துணியில் சுற்றி வைத்தார். "நான் கவனிக்காமலா இருந்தேன்? நீ வெளியூர்ல கெடக்க, அவ கண்ணு முன்னாலதான இருக்கான்னு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். அப்பா வெட்கப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்திருக்கவேண்டாம் என்றிருந்தது.

தங்கை திரும்பி வந்ததும் அப்பா அவசரமாக எழுந்து, "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்னளா பாடம் நடந்துச்சு?" என்று கேட்டார்.

"இன்னைக்கு லீவுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஆனால் அவர் விடவில்லை. நான் போன் பண்ணும்போதெல்லாம் அம்மா சொல்லுவாள். "கடல்ல இருந்து வந்தா கைகால் கழுவுததுக்கு முன்ன அதான் கேக்காரு. அவளுக்கு எரிச்சலா வருது. பதில் சொல்லாமப் போனாலும் மறுநாளும் கேக்காரு." ஒருநாள் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கியதைச் சொன்னாளாம். அப்பா அதையும் கரையில் போய்ச் சொல்லிவிட்டார். அதற்கு ஒரு சண்டை நடந்தது.

என்னிடம் தங்கை பேசாமல் இருக்கவில்லை. சாப்பிட்டியா, எப்ப வார, வரும்போது மக்ரூன் வாங்கிட்டு வா என்பாள். தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் கேட்கத் துணியவில்லை. கேள்வி கேட்கப் படித்துக்கொண்டிருந்த நான் வீட்டில் கேட்கமுடியாதவள் ஆகிவிட்டேன்.

கேள்விகளைத் திருத்தினோம். 'உங்கள் பிள்ளை' என்ற இடங்களில் எல்லாம், 'ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் இந்தப் பிள்ளை' என்று மாற்றினோம். வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா என்று முன்னால் ஒரு கேள்வி சேர்த்தோம். திருத்திய கேள்விகளை வைத்துத்தான், வேறு ஊர்களில், என் சொந்த ஆய்வை முடித்தேன். ஆய்வேட்டில், முன்னோட்டத்தில் சில கூற்றுகளின் பொருள் தெளிவில்லாமல் இருந்ததால் அவை திருத்தப்பட்டன என்று ஒரே வரியில் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியில் விரல் வைத்து, "என்ன தெளிவில்லாம இருந்தது?" என்றார். எந்தப் பிள்ளையைப் பற்றி என்று கேள்வியில் இல்லை என்றேன். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். ஒரு தகப்பனுடைய பதிலும் மகளுடைய பதிலும் பொருந்தவில்லை, அதனால் என்றேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல கவனிப்பு" என்று தேர்வாளர் பாராட்டினார். நன்றி சொல்லாமல் ஏட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பயத்தில் என்று நினைத்திருப்பார்.

நான் படிப்பை முடித்த கோடையில் தங்கைக்குப் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. பதினொன்றில் என்ன எடுப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அறிவியல் எடுக்கச் சொல்லவேண்டும், பி.எட். வரைக்கும் நான் வழிகாட்டுவேன் என்று மனதில் ஓட்டிவைத்திருந்தேன். தூத்துக்குடியில் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார்.

"சின்னவ காமர்ஸ் எடுக்காளாம். காலையில எங்கிட்ட வந்து உக்காந்து சொன்னா. துறைமுகத்துல கப்பல் ஏஜென்சி ஆபிஸ்ல வேல பாக்கணுமாம். யார் யார்கிட்டயெல்லாமோ வெசாரிச்சு வச்சிருக்கா. உங்கிட்ட சொல்லலையா?"

"இல்லப்பா."

அப்பா கொஞ்சம் தயங்கினார். "இங்கனதான் இருக்கா. குடுக்கட்டுமா?"

குடுங்க என்றேன். போன் கை மாறும் சத்தம் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அப்பா தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். சொற்கள் பிடிபடவில்லை.

"பொறகு பேசுதாளாம்" என்றார் அப்பா.